சாமிக்குக் காட்டாத தேங்காய்

பினாங்கில் எங்கள் அடுக்குமாடியில் மோகனாவின் குரல் இல்லாமல் பொழுது விடிந்ததில்லை. மூன்று வருடத்துக்கு முன்பு வரை அப்படித்தான். லிஃப்ட் கெட்டுப்போனால் மோகனா சொல்வாள். தண்ணீர் நிற்கப்போகிறதென்றால் மோகனா சொல்வாள். ஜெலுத்தோங் பாசாரில் இன்றைக்குக் கெம்போங் மீன் புதுசு, போகிறவர்கள் போங்கள் என்பதையும் அவளே சொல்வாள். எல்லாம் வாட்ஸ்அப்பில், வாயால். ஒரு வரி எழுத மாட்டாள்.

அதற்குக் காரணம் இருந்தது. கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், பிறை என்ற ஊரில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சின்ன வயதிலேயே வேலைக்குப் போனவள் அவள். எறும்புக் காலைவிட மெல்லிய கம்பிகளைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்துப் பார்த்துக் கண் பாழாகிவிட்டது. கைப்பேசியில் நாலு எழுத்துத் தட்டினால் கண்ணில் நீர் கொட்டும். அதனால் பொத்தானை அழுத்திப் பேசிவிடுவாள். அவள் கணவர் கார்த்திகேசு ஒரு கட்டடத்தில் காவல் வேலை பார்க்கிறார். ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடிச் சொற்களுக்கு மேல் செலவழிக்காத மனிதர். அந்த வீட்டின் பேச்சு முழுவதும் மோகனா பக்கமே சேர்ந்துவிட்டது என்று நான் கேலி செய்வேன்.

நான் நல்லமுத்து. அந்த அடுக்குமாடிக்குக் கீழே மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறேன். கலவரம் என்று பத்திரிகைகள் எழுதிய அந்தச் சாயங்காலம் என் பட்டறை வாசலைத் தாண்டித்தான் போனது, அந்த வாசலைத் தாண்டித்தான் திரும்பியது. ஆகவே யார் வந்து என்ன விளக்கம் சொன்னாலும் எனக்குக் கோபம்தான் வரும்.

பட்டறையிலிருந்து பார்த்தால் முனியாண்டி கோயில் தெரியும். கோயிலுக்கு நேர் எதிரே அப்துல் ரசாக்கின் சாப்பாட்டுக் கடை இருந்தது. ரசாக்கின் மனைவி ருக்கையா. மோகனாவும் ருக்கையாவும் தோழிகள் என்று சொன்னால் போதாது. பிறைத் தொழிற்சாலையில் இரண்டு பேரும் பல வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அங்கே தலை முதல் கால் வரை வெள்ளை உடை, முகத்துக்கு மூடி, வெளியே தெரிவது கண் மட்டும். அந்த மூடிக்குள்ளிருந்து வருகிற இருமலையும் சிரிப்பையும் வைத்தே யார் என்று சொல்லிவிடுவார்கள். கடை பெரிதானதும் ருக்கையா தொழிற்சாலையை விட்டு நின்றாள். அதற்குப் பிறகு வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கும் மோகனா, முதலில் கடைக்குள் போய் ஒரு டம்ளர் தேநீரும் ஒரு பாட்டம் பேச்சும் முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு ஏறுவாள்.

அவர்கள் இருவருக்கும் மட்டும் ஒரு வழக்கம் இருந்தது. சித்திரைத் திருவிழாவுக்குக் கோயிலில் மூட்டை மூட்டையாகத் தேங்காய் வந்து இறங்கும். சாமி ரதம் ஏறி வரும்போது வழி நெடுகத் தேங்காய் உடைப்பது பினாங்கில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அந்த மூட்டை அவிழ்ந்ததும், மஞ்சள் தண்ணீர் தெளிப்பதற்கு முன்னாலேயே, மோகனா ஒரு தேங்காயை எடுத்துத் தட்டிப் பார்த்து, காதோரம் குலுக்கிப் பார்த்து, தனியாக வைத்துவிடுவாள். அது ருக்கையாவுக்கு. சாமிக்குப் படைத்ததை ருக்கையா சாப்பிட மாட்டாள், அது அவள் மார்க்கம். அதனால் சாமிக்குக் காட்டாத தேங்காய். திருவிழா முடிந்து காப்பு அவிழ்த்த மறுநாள், அந்தத் தேங்காயை அரைத்து ருக்கையா மீன் குழம்பு வைப்பாள். விரதம் முடித்த மோகனாவின் முதல் மீன் அதுதான். ஒரு கடை நிறையத் தேங்காய் வைத்திருப்பவளுக்கு எதற்கு இந்த ஒரு தேங்காய் என்று நான் ஒருமுறை கேட்டேன். "ஒங்களுக்குப் புரியாதுண்ணே, நீங்க மோட்டார் கழுவுங்க" என்றாள் மோகனா.

ரசாக்கும் லேசுப்பட்டவர் இல்லை. ரதம் அவர் கடை முன்னாலிருந்துதான் புறப்படும். அன்றைக்குக் கடை வாசலில் இருக்கும் மேசைகளை உள்ளே எடுத்துப் போட்டுவிட்டு, தேங்காய் குவிக்க இடம் விடுவார். உடைத்து முடித்ததும் அவரே மண்வெட்டியோடு இறங்கிச் சில்லுகளை ஓரம் தள்ளுவார். வழுக்கி விழுந்து யாராவது இடுப்பை உடைத்துக்கொண்டால் என் கடைக்குத்தானே கெட்ட பெயர் என்பார். அது வெறும் சாக்கு என்று எங்களுக்குத் தெரியும்.

அந்த வருடம் கோயில் பின்னால் இருந்த காலி நிலம் கைமாறியது. பெரிய பலகை ஒன்று முளைத்தது; நாற்பது மாடி வீடு வரப்போகிறதாம். பிறகு கோயில் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். கோயில் நிற்கிற இடத்தில் ஒரு பகுதி புது முதலாளிக்குச் சொந்தம், பேசித் தீர்த்துக்கொள்ள வரவும் என்று அதில் இருந்தது. பேசித் தீர்க்கிற விஷயம்தான். ஆனால் எங்கெங்கோ கோயில் இடிபட்ட படங்கள் எல்லார் கைப்பேசியிலும் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்தன. தேநீர்க் கடையில் நாலு பேர் சேர்ந்தால் இதே பேச்சு. எப்போது வருவார்கள், எப்போது இடிப்பார்கள் என்று ஊரே காதைத் தீட்டி வைத்துக்கொண்டிருந்தது. கலவரம் கல்லில் ஆரம்பிக்கிறது என்று நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அது ஆரம்பிப்பது இந்தத் தீட்டி வைத்த காதில்.

திருவிழா அன்று சாயங்காலம். ரதம் ஜோடித்து முடித்தாயிற்று, உருமி அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் எங்கள் மாடிப் பெண்கள் இன்னும் பூ வைத்து முடியவில்லை. மோகனா கோயில் அன்னதானத்துக்கு வந்தவள், அரிசிப் பானையை இறக்கி வைத்த மூச்சு இரைப்போடு தங்கள் பெண்கள் குழுவுக்கு ஒரு குரல் செய்தி போட்டாள். இப்போதும் எனக்கு அது மனப்பாடம்.

"ஏ, எல்லாரும் இன்னும் வீட்ல என்னா செய்றீங்க? கோயில்ல உடைக்க ஆரம்பிச்சிட்டாங்க. ரசாக்கண்ணன் கடைப் பக்கத்துலருந்து உடைச்சிக்கிட்டே வராங்க. கெளம்பி வாங்க, சீக்கிரம் வாங்க லா."

பின்னணியில் உருமிச் சத்தம், ஆட்கள் கத்துகிற சத்தம், தேங்காய் சிதறுகிற சத்தம். அந்தப் பெண்களுக்கு எல்லாமே புரிந்தது. சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு இறங்கி வந்தார்கள். சித்திரைத் திருவிழாவில் உடைக்கிறார்கள் என்றால் தமிழ்ப் பெண்களுக்குத் தேங்காய் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன?

ஆனால் அந்தக் குழுவில் இருந்த ஒருத்தி, பிறையில் இருக்கும் தன் அக்காவையும் கூப்பிடலாம் என்று அதை அனுப்பி வைத்தாள். அக்கா வீட்டில் இல்லை. அவள் கைப்பேசி அவள் மகன் கையில் இருந்தது. அவன் திருவிழா கிருவிழா எதுவும் தெரியாதவன்; கோயில் நோட்டீஸ் மட்டும் தெரிந்தவன். மூச்சு இரைக்க ஒரு பெண் கூப்பிடுகிறாள், பின்னால் ஒரே கூச்சல், கோயிலில் உடைக்கிறார்கள், ரசாக் கடைப் பக்கத்திலிருந்து உடைத்துக்கொண்டு வருகிறார்கள். அவன் தன் பங்குக்கு மேலே ஒரு வரி எழுதினான்: ஜெலுத்தோங்கில் கோயிலை உடைக்கிறார்கள், உடனே பகிரவும். அவ்வளவுதான். சந்தையில் கைமாறும் பழைய மோட்டார் மாதிரி, ஒவ்வொரு கையிலும் அதற்குப் புதிதாய் ஒரு பாகம் மாட்டினார்கள்.

அது மலாய்க்காரர் கைப்பேசிகளுக்கும் போனது. யாரோ தமிழ் அரைகுறையாய்த் தெரிந்தவன் மொழிபெயர்த்தான். உடைக்கிறார்கள் என்பது மலாயில் 'பெச்சா', நொறுக்குகிறார்கள், என்று ஆயிற்று. ரசாக் கடை என்ற சொல் அப்படியே இருந்தது. ஆக அந்தப் பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்த செய்தி, ரசாக்கின் கடையை உடைக்கிறார்கள் என்பது. ஒரே பெண்ணின் ஒரே குரலைக் கேட்டு இரண்டு கூட்டம் கிளம்பியது, ஒன்று கோயிலைக் காப்பாற்ற, இன்னொன்று கடையைக் காப்பாற்ற. எந்த மொழியிலும் தேங்காய் மட்டும் கூட வரவில்லை.

முதலில் வந்தவர்கள் பாலம் தாண்டி மோட்டார்களில் வந்தார்கள். என் பட்டறை முன் நிறுத்தி ஒருவன் ஹெல்மெட்டைத் தூக்காமலே கேட்டான்.

"அண்ணே, எந்தக் கோயில்ணே?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோயில் பெயர் தெரியாது, சாமி பெயர் தெரியாது, காப்பாற்ற மட்டும் வந்துவிட்டான். எந்தக் கோயிலும் இல்லை, வீட்டுக்குப் போ என்றேன். அதற்குள் அவனுக்குப் பின்னால் இன்னும் முப்பது மோட்டார் வந்து நின்றது. உருமிச் சத்தம் வருகிற திசைக்கு அவர்களே திரும்பினார்கள்.

அவர்கள் கண்ணில் பட்டது என்னவென்றால், சாலை முழுக்க உடைந்து கிடக்கும் சில்லுகள், புகை, கத்துகிற ஆட்கள், நடுவில் வெள்ளைக் கொப்பியா தொப்பி போட்ட ரசாக், கையில் மண்வெட்டி. நின்று நிதானமாகப் பார்த்தால் தேங்காய் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். யார் நிதானமாகப் பார்த்தது? அந்த நேரம் பார்த்து ரதத்துக்கு முன்னால் ஓங்கி உடைத்த தேங்காயிலிருந்து ஒரு சில்லு தெறித்து, வந்தவன் ஒருவனின் ஹெல்மெட்டில் 'டப்' என்று பட்டது. எறிகிறான் என்று ஒரு குரல் கேட்டது. முதல் கல்லை யார் போட்டார்கள் என்று போலீஸ் ஒரு மாதம் விசாரித்தார்கள். என்னைக் கேட்டால் முதல் கல் அந்தத் தேங்காய்ச் சில்லுதான்.

ரசாக்கின் கடைக் கண்ணாடி அலமாரி நொறுங்கியது. உள்ளே ருக்கையா இருந்தாள், வேலைக்கிருந்த இரண்டு பெண்கள் இருந்தார்கள். ரசாக் மண்வெட்டியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடி இரும்பு ஷட்டர் கதவை இழுத்துச் சாத்தப் போனார். வெளியே யாரோ அதை உதைத்தார்கள். கதவு அவர் பிடிக்குத் தப்பிச் சரேலென்று இறங்கியதில் வலது கை தரைக்கும் இரும்புக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. வெளியில் நின்ற எங்களுக்கு இது தெரியாது. அந்த இரைச்சலில் அவர் கத்தியதும் கேட்கவில்லை.

அதற்குள் அடுத்த கூட்டமும் வந்து சேர்ந்தது. சூரா என்கிற தொழுகைக் கூடத்திலிருந்து வந்த பையன்கள், கடை வாடிக்கையாளர்கள், ரசாக் உறவுகள், சும்மா வந்தவர்கள். கடை உடைந்திருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டார்கள். பொய்யாகக் கிளம்பிய செய்தி அங்கே மெய்யாகிப்போனது. கல் அந்தப் பக்கமிருந்தும் பறந்தது. என் பட்டறைக்கு முன்னால் ஒரு மோட்டாரைச் சாய்த்துத் தீ வைத்தார்கள்; பாவம், அது பழுது பார்க்க வந்த ஒரு சீனக் கிழவருடையது. இதில் பெரிய வேடிக்கை, ரதத்தைச் சுற்றி நின்ற எங்கள் ஆட்களுக்குத் தங்கள் கோயிலுக்காகத்தான் சண்டை நடக்கிறது என்று வெகுநேரம் தெரியவே தெரியாது.

போலீஸ் வந்தது. பின்னாலேயே கலவரத் தடுப்புப் படையான எஃப்.ஆர்.யூ.வின் சிவப்பு லாரி, தண்ணீர் பீய்ச்சும் குழாயோடு வந்து நின்றது. ஹஸ்ருல் என்று ஓர் இன்ஸ்பெக்டர், இளம் வயது. நான் அந்த ஆளை மெச்சுகிறேன். வந்ததும் யாரையும் அடிக்கச் சொல்லவில்லை. சாலையின் இரண்டு முனையையும் மறித்து இனி ஒரு மோட்டாரும் உள்ளே வராமல் செய்தார். இரண்டு கூட்டத்துக்கும் நடுவே தன் ஆட்களை இரண்டு வரிசையாக முதுகோடு முதுகு நிறுத்தினார். பிறகு, உங்களுக்கு யார் சொன்னது என்று இரண்டு பக்கமும் கேட்டார். இரண்டு பக்கமும் கைப்பேசியை நீட்டினார்கள். இரண்டிலும் ஒரே பெண் குரல்.

இந்தப் பெண் எங்கே என்றார் அவர். எங்கள் மாடிப் பெண்கள் கோயில் சமையல்கட்டைக் காட்டினார்கள். மோகனா அங்கே கரண்டியோடு நின்றிருந்தாள். அவளைக் கூட்டிக்கொண்டு வரச்சொல்லி என்னைத்தான் அனுப்பினார்கள். அவள் கூட்டத்துக்குள் நடந்து வரும்போது அங்கும் இங்கும் நூறு கைப்பேசிகளில் அவள் குரலே ஒலித்துக்கொண்டிருந்தது. சீக்கிரம் வாங்க லா, சீக்கிரம் வாங்க லா.

இன்ஸ்பெக்டர் ஒலிபெருக்கியை அவள் கையில் கொடுத்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. அழைத்த குரலே திருப்பி அனுப்பட்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

"நான்தான்ப்பா மோகனா" என்றாள். "ஒங்க போன்ல இருக்கிறது என் வாய்ஸ்தான். நான் சொன்னது தேங்கா. தேங்கா ஒடைக்கிறாங்கன்னுதான் சொன்னேன். கோயில யாரும் தொடல. போய்ப் பாருங்க, சாமி நல்லாத்தான் ஒக்காந்திருக்கு."

பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

"அக்கா, தேங்கான்னு ஒரு வார்த்த சேத்துச் சொல்லியிருக்கலாம்ல?"

யாரோ சிரித்தான். பக்கத்தில் இருந்தவன் சிரித்தான். சூராவின் தலைவர் தம் பக்கத்துக்கு, கெலாப்பா, வெறும் கெலாப்பா, தேங்காய்தான் என்று மலாயில் சொன்னார். அந்தப் பக்கமும் சிரிப்பு கிளம்பியது. கையில் கல் வைத்திருந்தவன் அதைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். பயம் விட்டுப்போன சிரிப்பு அது, நிறுத்த முடியாது. மோகனாவும் சிரித்தாள், கண்ணில் நீர் வழிய வழிய. ஒலிபெருக்கி அவள் கையில்தான் இருந்தது. அந்தச் சிரிப்பு தெரு முழுக்கக் கேட்டது. கல் எறிந்தவர்களால் அதற்குமேல் கோபமாக நிற்க முடியவில்லை. மோட்டார்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. சிவப்பு லாரி ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் பீய்ச்சவில்லை.

மறுநாள் பிறையில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் இதே செய்தியை வைத்து இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள். போலீஸ் இரண்டு நாள் ரோந்து சுற்றினார்கள், போலி செய்தி பரப்பாதீர்கள் என்று மூன்று மொழியில் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். பிறகு ஓய்ந்தது. பத்திரிகைகளில் மோகனாவின் படம் வந்தது. ஒற்றுமையைக் காத்த பெண்மணி என்று ஒரு சங்கத்தில் பொன்னாடை போர்த்தினார்கள். நான் போகவில்லை. பொன்னாடை போர்த்துகிறவர்களுக்கு அடுத்த வாரம் வேறு தோள் கிடைத்துவிடும்.

ரசாக்குக்கு வலது கையில் இரண்டு விரல் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு கடை திறக்கவில்லை. மகள் நஸீஹா பாலத்துக்கு அந்தப் பக்கம் சிம்பாங் அம்பாட்டில் இருக்கிறாள், அங்கேயே போய்விடலாம் என்று முடிவு செய்தார்கள். சாமான் ஏற்றுகிற அன்று மோகனா அந்தத் தேங்காயை எடுத்துக்கொண்டு போனாள். ஆம், அந்த வருடத்துக்கு எடுத்து வைத்ததுதான். கடை வாசலில் ருக்கையா அதை வாங்கிக்கொள்ளவில்லை. நான் லாரிக்கு மேசை தூக்கிக்கொண்டிருந்தேன், பக்கத்திலேயே இருந்தேன்.

"நீ வாய்ஸ் போட்டதுல ஒரு தப்பும் இல்ல மோனா" என்றாள் ருக்கையா. "அன்னைக்கி எல்லாரும் சிரிச்சீங்கல்ல, அப்ப அவரு கை ஷட்டருக்கு அடியில இருந்திச்சி. நான் இழுத்துக்கிட்டிருந்தேன். வெளிய ஊரே சிரிச்சிச்சி. அதுல ஒன் சிரிப்பும் கேட்டிச்சி. ஒன் சிரிப்பு எனக்குத் தெரியாதா?"

மோகனா தேங்காயைத் தன் பக்கமே இழுத்துக்கொண்டு லாரிக்கு வழி விட்டாள். லாரி போனது.

அதற்குப் பிறகு அவள் குரல் செய்தி போடுவதில்லை. லிஃப்ட் கெட்டால் வேறு யாரோ எழுதுகிறார்கள். அவளும் ஒற்றை விரலால் தடவித் தடவி நாலு எழுத்து அனுப்புகிறாள், அதிலும் இரண்டு பிழை. கண்ணைக் கசக்கிக்கொண்டு தட்டுவதைப் பார்த்தால் எனக்கே எரிச்சலாக இருக்கும். வேலை முடிந்து பஸ் இறங்கியதும் கால்கள் தானாகக் கடைப் பக்கம் நாலு எட்டுப் போகும். அங்கே இப்போது கைப்பேசி உறை விற்கிறான் ஒருவன். அவள் நிற்பாள், பிறகு திரும்பி மாடி ஏறுவாள். பாசாரில் கெம்போங் மீன் எடைக்குப் போட்டு வாங்கிவிட்டு, இவ்வளவு எதற்கு வாங்கினேன் என்று வீட்டில் வந்து யோசிப்பாளாம். கார்த்திகேசு என்னிடம் சொன்னார். அவர் வாய் திறந்து சொன்னாரென்றால் வீட்டில் எவ்வளவு தாங்காமல் போயிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அவள் கைப்பேசியின் கண்ணாடி மூலைக்கு மூலை கீறல். புதிது வாங்க மாட்டாள். அதில் ருக்கையாவின் பழைய குரல்கள் இருக்கின்றன. புதுசுக்கு மாற்றினாலும் அவை வந்துவிடும் என்று கடைக்காரன் சொன்னான். வராமல் போனால் என்ன செய்வாய் என்று இவள் திருப்பிக் கேட்டாள். மோனா, அரிசி ஊறப் போட்டியா. மோனா, மழை வருது, துணி எடு. மோனா, இன்னைக்கி ஏன் பஸ்ஸு லேட்டு. இவைதாம் அந்தப் பொக்கிஷம். ஒருநாள் கணவரின் ஸ்கூட்டருக்கு எண்ணெய் மாற்றச் சொல்ல வந்தவள் என் பட்டறை பெஞ்சில் உட்கார்ந்து அவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ருக்கையாவுக்கு எழுத்தில் எத்தனையோ அனுப்பினாள். படித்ததற்கான நீலக் குறி வரும். பதில் வராது. பெருநாளுக்கு வாழ்த்து அனுப்பினாள், நீலக் குறி வந்தது. அந்த நீலத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள், அவள் நம்பரை மாற்றவில்லை, என்னை பிளாக் செய்து வைக்கவில்லை என்று.

கோயில் இன்னும் அங்கேயே இருக்கிறது. நாற்பது மாடிக்காரன்தான் காசில்லாமல் போய், பலகை மட்டும் துருப்பிடித்து நிற்கிறது. சித்திரைத் திருவிழா வருடா வருடம் நடக்கிறது. முதல் வருடம் மூட்டை அவிழ்ந்ததும் மோகனா ஒரு தேங்காயைத் தட்டிப் பார்த்து எடுத்து வைத்தாள். அது அவள் சமையலறையிலேயே கிடந்து, குலுக்கினால் தண்ணீர்ச் சத்தம் வராமல் கொப்பரையானது. அடுத்த வருடமும் அதே கதை. இந்த வருடம் எடுத்து வைத்தவள் நேராகப் பட்டறைக்கு வந்தாள்.

"முத்தண்ணே, காடி இருக்கா? சிம்பாங் அம்பாட் போய்ட்டு வரணும்."

என் காரில் பாலத்தில் போகும்போது தேங்காயை மடியில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ருக்கையா கதவைத் திறக்காவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே திரும்பச் சொல்லியிருப்பாள்.

கதவைத் திறந்தவர் ரசாக். "வாங்க தங்கச்சி, வாங்க நல்லமுத்து" என்று பழைய ரசாக்காகவே கூப்பிட்டார். மூன்று விரலால் தேநீர் ஆற்றிக் கொடுத்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. ருக்கையா தொழுகையில் இருக்கிறாள் என்றார். உள் அறைக் கதவு சாத்தியிருந்தது. நாங்கள் தேநீர் குடித்து முடித்தோம், பேரப்பிள்ளைகள் கதை பேசினோம். தொழுகை முடிகிற நேரம் போய் வெகுநேரமாகியும் கதவு திறக்கவில்லை.

மோகனா மேசைமேல் தேங்காயை வைத்தாள். ரசாக் அதைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். "வீட்ல தேங்கா ஒடைக்கிறதில்ல தங்கச்சி. பாக்கெட்டுதான் வாங்குறோம். ஒடைக்கிற சத்தம் கேட்டா அவளுக்கு ஆவுறதில்ல, கை காலெல்லாம் ஒதறிப்போவும்" என்றார்.

மோகனாவின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. அவள் எழுந்து அந்த மூடிய கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"சாமிக்குக் காட்டாததுதான் ருக்கு" என்றாள். "வச்சிட்டுப் போறேன்."

உள்ளே ஒரு கட்டில் கிரீச்சிட்டது. வேறொன்றும் இல்லை. திரும்பி வரும்போது பாலத்தில் மழை. போகாமலேயே இருந்திருக்கலாம் என்று நான் உள்ளுக்குள் என்னையே திட்டிக்கொண்டேன்.

நாலைந்து நாள் கழித்து, நான் ஒரு மோட்டாரின் சங்கிலியைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். மோகனா மாடியிலிருந்து வீட்டுச் செருப்போடு இறங்கி வந்தாள். கைப்பேசியை நீட்டினாள். ருக்கையாவிடமிருந்து குரல் செய்தி. சில நொடிதான் நீளம். எனக்குத் தனியாகக் கேட்கப் பயமாக இருக்கிறது, நீங்களும் இருங்கள் என்றாள். நான் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

பேச்சு ஒன்றும் இல்லை. ஒரு மூச்சு கேட்டது. யாரோ வெகுநேரம் தயங்குகிற மூச்சு. பிறகு 'டொக்' என்று பாராங் கத்தியின் முதுகால் ஓர் அடி. மறுபடியும் ஒன்று. மூன்றாவது அடியில் ஓடு பிளந்து விரிகிற சத்தம். அதோடு செய்தி முடிந்துவிட்டது.

மோகனா அதைத் திரும்பப் போட்டாள். அதற்குப் பிறகும் ஒருமுறை போட்டாள். எண்ணெய்க் கறை பெஞ்சு என்றும் பார்க்காமல் அப்படியே உட்கார்ந்தாள். முகமெல்லாம் நனைந்துபோயிருந்தது. பிறகு, மூன்று வருடமாகத் தொடாத அந்தப் பொத்தானை அழுத்திக் கைப்பேசியை வாயருகே கொண்டு போனாள்.

"உள்ள தண்ணி இருந்திச்சாடி?" என்றாள்.